கப்பலேறிப் போன டாக்டரின் நாற்காலி

வடசாலை கிராம ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைக்கென்றே ஒரு தனி அறை உண்டு. அதற்குக் கதவு உண்டு, கட்டில் உண்டு, சுவரில் பெரிய கடிகாரம் உண்டு. அவசரத்துக்கும் குறைவில்லை. ஆள் மட்டும் இல்லை. இதைக் குறையென்று சொல்பவர்கள் காலம் தெரியாதவர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி மூன்றாவது வருஷம் அது. ஒரு சர்க்கார் வீட்டைக் காலி செய்து இன்னொரு சர்க்கார் குடிவரும்போது நாலு சாமான் காணாமல் போவது சகஜம். அதில் ஒரு டாக்டரும் போய்விட்டார் என்பதற்காக ஒப்பாரி வைக்க முடியுமா?

பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்து அஞ்சலாட்சிக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. அன்று விடிந்ததும் வலை இழுக்கும்போது ஒரு பெரிய திருக்கை மீன் வாலைச் சுழற்றி அவள் புருஷன் உத்திராபதியின் தொடையில் முள்ளை இறக்கிவிட்டது. முள்ளைப் பிடுங்கியபோது சதையும் கூடவே வந்தது. வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள், மஞ்சளை அரைத்து அப்பிப் பார்த்தார்கள், ரத்தம் நிற்கவில்லை. பழைய புடவையைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி, சின்னக்கண்ணுவின் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதில் அவனைக் கிடத்திக்கொண்டு அவள் கிளம்பினாள். தையல் போட்டால் பிழைத்துக்கொள்வான் என்று குப்பத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். தையல் போடும் ஆள் ஆஸ்பத்திரியில்தான் இருப்பான் என்று அவர்கள் நம்பினார்கள். வயதானவர்கள், பாவம்.

ஆஸ்பத்திரி வாசலில் பியூன் வடிவேல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, டாக்டரு இருக்காராய்யா?" என்று வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தாள் அஞ்சலாட்சி.

"இருக்காரு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இங்க இல்ல," என்றார் வடிவேல். "டவுனுக்குப் போயிருக்காரு. இப்பத்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிச்சோம். ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சி, போர்வை போத்தி, ஆடாம கயிறு போட்டுக் கட்டி."

"ஐயையோ! டாக்டருக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. போன வாரம்தான் பாலிஷ் போட்டோம்."

அஞ்சலாட்சி வண்டிக்காரர் சின்னக்கண்ணுவைப் பார்த்தாள். சின்னக்கண்ணு மாட்டைப் பார்த்தார். மாட்டுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"நர்சம்மா இருக்காங்களா?"

"கமிட்டிக்குப் போயிட்டாங்க."

"சின்ன டாக்டரு ஒருத்தரு இருப்பாரே, மூக்குக்கண்ணாடி போட்டுக்கினு?"

"ஜானகிராமன் சாரா? அவரும் கமிட்டிக்கு. மருந்துப் பொட்டியும் கமிட்டிக்கு."

"இன்னாய்யா கமிட்டி அது?"

வடிவேல் எழுந்து, இடுப்புத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய பெயர் அல்ல அது. "கிராம ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவு ஆள் பற்றாக்குறைத் தணிப்புக் கமிட்டி," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். "இங்க ஆள் பத்தலன்னு ஜனங்க ரொம்ப நாளா பொகாரு பண்ணிட்டாங்க. ஏன் பத்தலன்னு கண்டுபுடிக்கத்தான் இங்க இருந்த ஆளுங்களை எல்லாம் இட்டுக்கினு போயிருக்காங்க. நாள் தவறாம கூட்டம் நடக்குது."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

வண்டியிலிருந்து உத்திராபதி தலையைத் தூக்கினான். கடலில் பாறை மாதிரி நிற்கிற ஆள். இப்போது முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. "இன்னா சொல்றாங்க புள்ள?" என்றான்.

"டாக்டரு இருக்காராம். டவுன்ல," என்றாள் அஞ்சலாட்சி. பொய் சொல்லவில்லை அவள். அவளிடம் சொன்னதைத்தான் சொன்னாள்.

வடசாலையிலிருந்து டவுனுக்கு மாட்டுவண்டி போகிற வேகத்தை நான் சொல்லத் தேவையில்லை. சின்னக்கண்ணு அன்றைக்கு அந்த மாட்டை அடித்த அடி அதன் ஆயுசில் வாங்காத அடி. வழியெல்லாம் அஞ்சலாட்சி கட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தாள். வைக்கோலின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. பெரிய வாய்க்காலைத் தாண்டி, வெள்ளைக்காரத் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது உச்சிவெயில். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய பங்களா வாசலில் வடசாலை ஆம்புலன்ஸ் நிழலாகப் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் பங்களாக் கதவு சாத்தியிருந்தது. புதுச்சேரியில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காரியமும் நடக்காது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்துகளில், பாகப்பிரிவினைத் தகராறு இல்லாமல் எல்லாரும் ஒற்றுமையாக அனுபவிப்பது அந்த மதியத் தூக்கம் ஒன்றைத்தான். அவள் கதவை இடித்தாள். மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. தலை தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"மூணு மணிக்கு."

ஜன்னல் சாத்திக்கொண்டது. அவள் மறுபடி இடித்தாள். தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. "அடப் பாவிங்களா, சாவக் கெடக்கறாருய்யா!" என்று அவள் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு நாய் ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் கையில் டிபன் டப்பாவுடன் வந்தாள். நர்ஸ் ரஞ்சிதம். வைக்கோலைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். கட்டை அவிழ்க்காமல், அதற்கு மேலே இன்னொரு துணியைச் சுற்றி, ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினாள். உத்திராபதி பல்லைக் கடித்தான். ரத்தம் ஒழுகுவது மட்டுப்பட்டது.

"அக்கா, இது தாங்காது. தையல் போடணும். சீக்கிரம் போடணும்."

"போடும்மா. நீதானே நர்சு? ஒங்கால வுழறேன், போடு."

ரஞ்சிதம் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரியில இருக்கறப்பதான் நான் நர்சு. இங்க நான் மெம்பரு. தையல் போடறது ஜானகிராமன் சார். அவருக்கு டாக்டர் வாயால உத்தரவு சொல்லணும். சொல்லாம ஊசியத் தொட்டா வேலை போயிடும். பிரெஞ்சுக்காரன் காலத்துலேருந்து அதான் ரூலு."

"டாக்டரு உள்ளதான இருக்காரு?"

ரஞ்சிதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இருக்காரு," என்றாள்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. சின்னக்கண்ணு தோளைப் பிடிக்க, அஞ்சலாட்சி காலைப் பிடிக்க, உத்திராபதியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். உயரமான கூரை, சுழலும் விசிறி, மீன் சந்தை நீளத்துக்கு ஒரு மேசை. அதன் நடுவில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார் கமிட்டித் தலைவர் தெய்வநாயகம், பிரெஞ்சு மரியாதையில் முசியே தெய்வநாயகம். பழைய சர்க்காரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, புதிய சர்க்காரில் தலைவராக விழித்துக்கொண்டவர். பழைய முறைப்படி காலையில் எல்லாருக்கும் 'பொன்ழூர்' சொல்வார், புதிய முறைப்படி மாலையில் 'ஜெய் ஹிந்த்' சொல்வார். இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் செய்துவிடாமல் பார்த்துக்கொள்வார்.

ரத்தம் சொட்டும் ஆளைப் பார்த்ததும் அவர் எழுந்தே விட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அவசரக் கேஸா? அசல் அவசரக் கேஸா? வரட்டும், வரட்டும்! உதாரணம் ஒன்று இல்லாமல்தான் நம் விவாதம் இத்தனை மாதமாக நகராமல் இருந்தது. அந்தப் பெஞ்சில் படுக்க வையுங்கள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி."

"ஐயா, தையல் போடச் சொல்லுங்கய்யா," என்றாள் அஞ்சலாட்சி.

"பொறுமை அம்மா. உங்கள் புருஷனுக்காகத்தான் இந்தக் கமிட்டியே," என்று சொல்லிவிட்டு அவர் மேசையின் தலைமாட்டைப் பார்த்து லேசாகக் குனிந்தார். "தங்கள் அனுமதியுடன், முசியே டாக்டர்."

அஞ்சலாட்சி அவசரமாக அந்தப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. கருங்காலி மரம், சிவப்பு மெத்தை, பளபளவென்று பாலிஷ். முதுகில் ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தது. எதிரே ஒரு கோப்பையில் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

"டாக்டரு எங்கய்யா?"

"அதோ," என்றார் தெய்வநாயகம்.

"யாருமே இல்லையேய்யா."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சங்கடத்துடன் நெளிந்தார்கள். கோவிலில் வந்து சாமி எங்கே என்று கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தெய்வநாயகம் மட்டும் கோபப்படவில்லை. பாமரர்களிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"கேளுங்கள் அம்மா. வடசாலை ஆஸ்பத்திரி டாக்டர் முசியே பெர்னார். கொடி மாறிய வாரமே கப்பலேறிப் பிரான்சுக்குப் போய்விட்டார். ஆனால் போய்விட்டார் என்று நாம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் இடம் காலி என்று ஆகும். காலி என்றால் நிரப்ப வேண்டும். யார் நிரப்புவது? பழைய சர்க்கார் இங்கே இல்லை. புதிய சர்க்காருக்கோ இந்த ஊர் இன்னும் சட்டப்படி கைக்கு வரவில்லை. பாரீசில் கையெழுத்து ஆகிற வரைக்கும் எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆகவே டாக்டர் இருந்தபடியே இருக்கிறார். வருகைப் பதிவில் ஒரு நாள்கூட அவர் விடுப்பு எடுத்ததில்லை. அவ்வளவு கடமையுணர்ச்சி."

"காப்பி?" என்றார் சின்னக்கண்ணு, தன்னை மறந்து.

"தினமும் வைக்கிறோம். குடிப்பதும் குடிக்காததும் அவர் இஷ்டம்."

அஞ்சலாட்சி ஓடிப்போய் மூக்குக்கண்ணாடிக்காரரின் முன்னால் நின்றாள். துணை டாக்டர் ஜானகிராமனுக்கு நல்ல விரல்கள். அந்த விரல்களை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, நீங்க தையல் போடுவீங்களாமே. ஒங்க புள்ளைங்க நல்லா இருக்கும்."

"டாக்டர் வாயால ஒரு வார்த்தை வரணும்மா," என்றார் ஜானகிராமன். அழுதுவிடுவார் போலிருந்தது. "நானும் தினம் கேட்டுப் பாக்கறேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு."

பெஞ்சிலிருந்து தரைக்கு ரத்தம் சொட்டத் தொடங்கியது. தெய்வநாயகம் தொண்டையைக் கனைத்தார். பிரசங்கம் ஆரம்பமாயிற்று.

"கனவான்களே, சீமாட்டியே! ஆள் பற்றாக்குறை என்றால் ஆள் குறைவு என்று பாமரர் நினைக்கிறார்கள். இந்தக் கமிட்டி அதை ஆழமாக ஆராய்ந்துவிட்டது. ஆள் குறையவில்லை, நோயாளிதான் கூடிவிட்டான். ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளியே வராவிட்டால் அங்கே ஆள் பற்றாக்குறை ஏற்படுமா? ஏற்படாது! நாம் இத்தனை மாதமாக அந்த அவசர அறையைப் பூட்டாமல், ஆனால் ஆளும் இல்லாமல் வைத்திருந்ததில், அங்கே வரும் நோயாளிகள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். அதாவது பற்றாக்குறையில் பாதியை நாம் தணித்துவிட்டோம்!"

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

"மீதிப் பாதிக்குக் காரணம் ஜனங்களின் ஒழுங்கீனம். உதாரணத்தையே பாருங்கள். இந்த மனிதர் இன்று அடிபடப் போவதாக நேற்றே வந்து சொல்லியிருந்தால் நாம் ஏற்பாடு செய்திருக்க மாட்டோமா? முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை."

"திருக்கை எங்கிட்டயே சொல்லலைங்க," என்று பெஞ்சிலிருந்து ஈனக்குரலில் சொன்னான் உத்திராபதி. அந்த நிலையிலும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

"பாருங்கள், ஒப்புக்கொள்கிறார்!" என்று தெய்வநாயகம் மேசையில் ஓங்கிக் கையை வைத்தார். வைத்த இடத்தில் ஒரு குண்டூசி இருந்தது.

அப்போது நடந்ததை அஞ்சலாட்சி கடைசி வரை மறக்கவில்லை. "ஆ!" என்று தலைவர் அலறிய மறுகணம் ஜானகிராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். ரஞ்சிதம் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சு வந்தது, டிஞ்சர் வந்தது, பேண்டேஜ் வந்தது. ஒருவர் விசிறினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் தலைவரின் காலணியைக் கழற்றினார். கண்மூடித் திறப்பதற்குள் தலைவரின் சுண்டுவிரல் பெரிய வெள்ளைக் கட்டுக்குள் பத்திரமாகப் படுத்துவிட்டது. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அத்தனை சுறுசுறுப்பைப் பார்க்க முடியாது.

"யாரைக் கேட்டுக் கட்டு போட்டீங்க?" என்று கத்தினாள் அஞ்சலாட்சி. "அந்த நாற்காலி சொல்லிச்சா?"

"இது நிர்வாகக் காயம் அம்மா. உத்தரவு தேவையில்லை," என்றார் தெய்வநாயகம், விரலை உயரத் தூக்கிக்காட்டியபடி. "கனவான்களே, இதையும் கவனியுங்கள். ஓர் அவசரம் நேர்ந்தது, நம் ஊழியர்கள் மின்னலாகச் செயல்பட்டார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? இங்கே பற்றாக்குறையே இல்லை! உண்மையில் ஆட்கள் உபரியாக இருக்கிறார்கள்! உபரியை இந்தத் தலைமை அலுவலகத்துக்கே மாற்றிவிடலாம் என்று நான் பிரேரிக்கிறேன்."

மறுபடியும் மேசை தட்டினார்கள்.

உத்திராபதியின் கை பெஞ்சிலிருந்து நழுவித் தொங்கியது. அஞ்சலாட்சி அதை எடுத்து அவன் மார்பில் வைத்தாள். வலையைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை, ஜில்லென்றிருந்தது. காலையிலிருந்து எத்தனை பேர் காலில் விழுந்தாள்? நல்லவர்கள் எல்லாரும் அழுகிறார்கள், கெட்டவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், தைக்கிறவன் ஒருவனும் இல்லை. மனுஷன் பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. நாற்காலிக்குத்தான் மதிப்பு.

அவள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள்.

அப்புறம் யாரும் தடுப்பதற்குள் விறுவிறுவென்று நடந்துபோய், மீன்வாடை அடிக்கும் ஈரப் புடவையோடு, சிவப்பு மெத்தை மேல் உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தையல் போடுய்யா," என்றாள்.

"எழுந்திருங்கள்! அது டாக்டர்!" என்று தெய்வநாயகம் பதறினார்.

"நாற்காலிதான டாக்டரு? சொல்லிட்டேன். தையல் போடுய்யா!"

ஜானகிராமன் எழுந்து நின்றுவிட்டார். வருஷக்கணக்கில் அந்தத் திசையிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்துக் கிடந்த மனிதர். "வுய், முசியே," என்று, பழைய துரைக்குப் போடுவதுபோல், அவர் வாய் தன்னால் பிரெஞ்சில் ஆமாம் போட்டது. தலைவரிடம் திரும்பிக் கைகூப்பினார். "உத்தரவு வந்துட்டுதுங்க. நாற்காலியிலேருந்துதான் வந்தது. எல்லாரும் கேட்டோம். இனிமே நான் போடலன்னாதான் குத்தம்."

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். யோசித்தார். டாக்டர் இன்று உத்தரவு கொடுத்தார் என்று குறித்துவிட்டால் டாக்டர் வேலை செய்கிறார் என்று நிரூபணமாகும். வாயை மூடிக்கொண்டார்.

ஜானகிராமனின் விரல்கள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். ரஞ்சிதம் எடுத்துக்கொடுக்கக் கொடுக்க, கழுவி, இடுக்கி பிடித்து, உள்ளே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. வலை பின்னுகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக முடிச்சுப் போட மாட்டார்கள். நாற்காலியை விட்டு எழுந்தால் உத்தரவு போய்விடுமோ என்ற பயத்தில் அஞ்சலாட்சி இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எட்டுகிற தூரத்தில் புருஷன் கிடந்தும் அவளால் தொட முடியவில்லை.

உத்திராபதி கண்ணைத் திறந்தான். கோட்டும் கொண்டையுமாக உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. குறும்பு பண்ணும்போது வருகிற சிரிப்பு அது.

"நாற்காலி ஒனக்கு நல்லாத்தான் இருக்குது புள்ள," என்றான்.

"பேசாத கெட," என்றாள் அவள், அழுதுகொண்டே.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கத்தரித்தார் ஜானகிராமன். சொட்டு ரத்தம் கசியவில்லை. கசிவதற்கு உள்ளே இல்லை. அவர் உத்திராபதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார். ரஞ்சிதம் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உயிர் போய்விட்டதா?" என்றார் தெய்வநாயகம்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க," என்றார் ஜானகிராமன். "டாக்டர்தான் சொல்லணும். அவரு சொல்ற வரைக்கும் நோயாளி, நோயாளிதான்."

எல்லாத் தலைகளும் நாற்காலிப் பக்கம் திரும்பின. தெய்வநாயகம் கட்டுப்போட்ட விரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக் குரலில் பேசினார். "அம்மா, நீங்கள் இப்போது டாக்டர் ஸ்தானத்தில் இருக்கிறீர்கள். போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டப்படி ஒப்படைத்துவிடலாம். கூட்டமும் முடிகிற நேரம்."

அஞ்சலாட்சி எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வாங்கப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவள் அழுகை நின்றது.

"ஒங்க தொரை கப்பலேறிக் கடலு தாண்டிப் போயிட்டாரு. போனவர இங்கதான் இருக்காருன்னு சொல்லி, காப்பி வச்சிக் கும்புடறீங்க," என்றாள். "எம் புருசன் இந்தா, கைக்கெட்டற தூரத்துல கெடக்கறாரு. இவரப் போயிட்டாருன்னு நான் சொல்லணுமா? சொல்ல மாட்டேன். எழுதிக்கங்க. உத்திராபதி இங்கதான் இருக்காரு. டாக்டருக்காகக் காத்துக்கினு இருக்காரு. அப்படியே எழுதிக்கங்க."

கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். எதிரே இருந்த காப்பி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு, புருஷனின் கால்மாட்டுக்கு வந்தாள். சின்னக்கண்ணு தோளைப் பிடித்தார்.

டாக்டரின் ஸ்தானத்திலிருந்து வந்த வார்த்தையை மாற்ற யாருக்கு அதிகாரம்? அப்படியே எழுதிக்கொண்டார்கள். உத்திராபதியைக் கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்து, அவள் தாலியறுத்து, காரியம் முடிந்த பிறகும், வடசாலை ஆஸ்பத்திரிக் கணக்கில் அவன் காத்துக்கொண்டுதான் இருந்தான். நிலைமையில் மாற்றமில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் குறித்தார்கள். வந்த நோயாளிகளில் உயிரிழப்பே இல்லாத ஆஸ்பத்திரி என்று அதற்கு ஒரு பாராட்டும் கிடைத்தது.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் ஊர் சட்டப்படி கைமாறியது. வாணவேடிக்கை விட்டார்கள். முசியே பெர்னார் அன்றைக்குத்தான் கணக்குப்படி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். நாற்காலி காலி என்று ஒப்புக்கொண்டு, பல மாதம் யோசித்து, புதிதாக ஒரு டாக்டரை அனுப்பினார்கள். இளவயசு, ஒழுங்கான ஆள். வந்ததும் முதல் காரியமாக, இத்தனை காலம் காத்திருக்கும் நோயாளிகளை வரிசைப்படி கூப்பிடச் சொன்னார்.

வடிவேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்கு வந்தார். மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள் அஞ்சலாட்சி. தலையில் பாதி நரைத்திருந்தது. வடிவேலுக்கு அவள் முகம் அடையாளம் தெரியவில்லை.

"உத்திராபதி வூடு எதும்மா? டாக்டர் வந்துட்டாரு. மொத ஆளா அவரத்தான் கூப்புடறாரு. உடனே வரச் சொல்லும்மா, அவசரம்."

அஞ்சலாட்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். குனிந்து ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

"வருவாரு," என்றாள். "நீங்க போயி ஒரு நாற்காலியத் தொடச்சிப் போட்டு வைங்க."